வண்டியை அசைக்கும் உரிமை: சரக்கு மேடைப் பாதுகாப்பின் வரலாறு

கிடங்கின் சுவரையொட்டித் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், லாரியின் பின்தளமும் கிடங்கின் தளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும்படி கட்டப்படும் சரக்கு மேடை, இன்றைய வணிகத்தின் மிகச் சாதாரணமான கட்டட உறுப்புகளில் ஒன்று. மேடை ஒருவருக்குச் சொந்தம், அதை ஒட்டி வந்து நிற்கும் வண்டி இன்னொருவருக்குச் சொந்தம். மேடையில் வேலை செய்பவர் ஒரு முதலாளியிடமும் வண்டியை ஓட்டுபவர் வேறொரு முதலாளியிடமும் கூலி பெறுகின்றனர். இருவரும் ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கவும் கூடும். ஆயினும் சரக்கு ஏறி இறங்கி முடியும்வரை மேடைத் தொழிலாளியின் உயிர், அந்த ஓட்டுநர் வண்டியை அசைக்காமல் இருப்பதையே நம்பியிருக்கிறது. வண்டி எப்போது நகரலாம் என்று முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதே மேடைப் பாதுகாப்பின் அடிப்படைக் கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அந்தக் கேள்விக்கு ரயில்வே முன்பே ஒரு நல்ல விடையைக் கண்டிருந்தது. லாரி வந்தபோது அந்த விடை கைவிடப்பட்டது. அதை மீட்டெடுக்க அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிடித்தது.

உயர்த்திக் கட்டிய சரக்கு மேடை ரயில்வேயிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் சரக்கு நிலையங்கள், மூடிய சரக்குப் பெட்டிகளின் தள உயரத்துக்கு ஈடாக நீண்ட மேடைகளைக் கட்டி, மேடைக்கும் பெட்டிக்கும் இடையிலான இடைவெளியை இரும்புத் தகடு ஒன்றால் பாலமிட்டு, கைவண்டிகளை அதன் மேல் தள்ளிச் சென்று சரக்கேற்றின. அக்கால ரயில்வே வேலை கொடூரமானது. பெட்டிகளை இணைக்கும் ஆணியைக் கையால் செருக வேண்டியிருந்ததால் விரல்களையும் கைகளையும் இழந்தவர்கள் ஏராளம். தானியங்கி இணைப்பிகளையும் ஏர் பிரேக்குகளையும் கட்டாயமாக்கிய 1893ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சாதனச் சட்டம் அந்த இழப்புகளின் விளைவாகவே பிறந்தது. அதே ரயில்வே, பெட்டிகளின் அடியிலும் அருகிலும் வேலை செய்வோருக்காக எளிய விதி ஒன்றையும் உருவாக்கி வைத்திருந்தது.

நீலக்கொடி விதி என்று அதனை அழைக்கலாம். அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் பொதுவாகப் பின்பற்றிய நடைமுறைத் தொகுப்பில் 26ஆம் விதியாக இடம்பெற்ற இது, பெட்டியையோ எஞ்சினையோ பழுதுபார்ப்பவர்கள் பகலில் நீலக்கொடியும் இரவில் நீல விளக்கும் வைத்திருக்கும்வரை அந்த வண்டியை நகர்த்தவோ வேறொன்றுடன் இணைக்கவோ கூடாது என்று விதித்தது. அதன் உயிர்நாடி அடுத்த வாசகத்தில் இருந்தது: கொடியை வைத்தவர்கள்தாம் அதை எடுக்கலாம், வேறு எவருக்கும், எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும், அந்த உரிமை கிடையாது. ஆபத்தின் நடுவே நிற்பவரின் கையிலேயே வண்டியை அசைக்கும் உரிமையையும் ஒப்படைத்த இந்த ஏற்பாடு, தொழிற்பாதுகாப்பு வரலாற்றின் மிகத் தெளிவான சிந்தனைகளில் ஒன்றாகக் கருதத்தக்கது. 1970களில் கூட்டரசின் ரயில்வே நிர்வாகம் இதைச் சட்ட வலுவுள்ள விதியாகவே எழுதியது.

லாரியின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1914இல் டெட்ராய்ட் நகரில் வண்டிப் பட்டறை நடத்திவந்த ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், மரவணிகர் ஒருவரின் படகை ஏற்றிச் செல்வதற்காக, ஃபோர்டு காரின் பின்னால் மாட்டி இழுக்கத்தக்க வண்டி ஒன்றைச் செய்துகொடுத்தார். முன்பகுதியின் சுமையை இழுவை வண்டி தாங்க, பின்பகுதியைச் சொந்தச் சக்கரங்கள் தாங்கும் இந்த அமைப்பே செமி டிரெய்லர் எனப்படுவது. டிரெய்லரை மேடையில் விட்டுவிட்டு இழுவை வண்டி வேறு வேலைக்குப் போகலாம் என்ற வசதி வணிகர்களுக்குப் பெரிதும் உதவியது. எஞ்சினும் ஓட்டுநரும் இல்லாமல், முன்புறம் இரண்டு ஊன்றுகால்கள் மட்டும் தாங்கிநிற்கும் ஒரு பெட்டிக்குள் மனிதர்கள் வேலை செய்யும் நிலையும் அப்போதுதான் தோன்றியது. 1917இல் மிச்சிகன் மாநிலத்தின் புக்கானன் ஊரிலிருந்த கிளார்க் நிறுவனம், தன் தொழிற்சாலைக்குள் பொருள்களை நகர்த்துவதற்காகச் சிறிய மோட்டார் வண்டி ஒன்றைச் செய்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவ்வகை வண்டிகளே முன்புறம் இரண்டு இரும்பு முட்கள் கொண்ட ஃபோர்க்லிஃப்ட்களாக வளர்ந்தன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் பேலட் எனப்படும் மரத் தட்டுகளில் சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டால் தூக்கும் முறையைப் பெருமளவில் கையாண்டன. போருக்குப்பின் அம்முறை வணிகக் கிடங்குகளுக்கு வந்தது. 1956ஆம் ஆண்டின் சட்டம் தொடங்கிவைத்த நெடுஞ்சாலை வலைப்பின்னல் சரக்கை ரயிலிலிருந்து லாரிக்கு மேலும் மேலும் மாற்றியது. மேடை அப்படியே இருந்தது; அதன் முன் நின்ற பெட்டியும் அதனுள் நுழைந்த கருவியும் முற்றிலும் மாறிவிட்டன.

இந்த மாற்றத்தின் ஆபத்தை உணர, அங்கே செயல்படும் விசைகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கைவண்டி தள்ளும் மனிதனால் ரயில் பெட்டியை அசைக்க முடியாது. ஆனால் இரண்டு டன் சரக்கைத் தூக்கக்கூடிய ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே மூன்று நான்கு டன் இருக்கும். அது மேடையிலிருந்து வேகமாக டிரெய்லருக்குள் புகுந்து பிரேக் போடும்போது, டிரெய்லரின் தளத்தை மேடைக்கு எதிர்த்திசையில் தள்ளுகிறது. சரக்கை வைத்துவிட்டுப் பின்னோக்கிக் கிளம்பும்போதும், சக்கரங்கள் தளத்தை உதைப்பதால், டிரெய்லர் அதே திசையில்தான் தள்ளப்படுகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல், இரண்டுமே வண்டியை மேடையிலிருந்து விலக்குகின்றன. ஒரு டிரெய்லரை நிரப்பப் பலமுறை போய்வர வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்தாலும், பாலத்தகட்டின் நுனி டிரெய்லர் தளத்தின் மீது பிடித்திருக்கும் சில அங்குலங்கள் வேலை முடிவதற்குள் கரைந்துவிடக்கூடும். தகடு விழுந்தால் ஃபோர்க்லிஃப்ட்டும் அந்த இடைவெளியில் விழும், ஓட்டுபவர் அதன் அடியில் நசுங்குவார். பிரேக் போடப்பட்டிருந்தாலும் அது சக்கரம் சுழல்வதைத்தான் தடுக்கிறது. பனியோ மழையோ படிந்த தரையில் சுழலாத சக்கரமும் வழுக்கும்.

இந்த மெதுவான நகர்வைவிடக் கொடியது, ஓட்டுநர் வேலை முடிந்துவிட்டதென நினைத்து வண்டியை எடுத்துவிடுவது. இழுவை வண்டியின் இருக்கையிலிருந்து பார்த்தால் டிரெய்லரின் உட்புறம் சிறிதும் தெரியாது. உள்ளே சத்தம் நின்றது, கதவருகே யாரோ கையசைத்தார், அலுவலகத்தில் காகிதங்கள் கையெழுத்தாகிக் கைக்கு வந்துவிட்டன என்பன போன்ற குறிப்புகளை வைத்தே ஓட்டுநர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அக்குறிப்புகளில் ஏதாவதொன்று பக்கத்து வண்டிக்கு உரியதாகவும் இருக்கலாம். இழுவை வண்டி கழற்றப்பட்ட டிரெய்லரிலோ, ஃபோர்க்லிஃப்ட் முன்னோக்கி வெகுதூரம் சென்றுவிட்டால் ஊன்றுகால்களுக்கு முன்பகுதியில் எடை மிகுந்து பெட்டியே மூக்குக் குப்புறச் சாயும் அபாயம் இருந்தது. பின்னோக்கி வரும் வண்டிக்கும் மேடைச் சுவருக்கும் நடுவே கீழே நிற்பவர் நசுங்குவதும் மிகப் பழைய ஆபத்து. இத்தனைக்கும் ரயில் பெட்டிக்கு இருந்த நீலக்கொடி லாரிக்கு இல்லை. லாரி பொதுச்சாலையிலிருந்து வந்து பொதுச்சாலைக்குப் போகும் வெளியாள் வண்டி. அதன் மீது மேடைத் தொழிலாளிக்கு எந்த உரிமையையும் எந்த விதிநூலும் தரவில்லை.

1970ஆம் ஆண்டின் இறுதியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தொழிற்பாதுகாப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி ஓஷா எனப்படும் கூட்டரசு அமைப்பு உருவாகி, 1971இல் தன் முதல் விதித் தொகுப்பை வெளியிட்டது. அதுவரை தொழில்துறையினர் தாமாகவே ஒப்புக்கொண்டிருந்த தரநிலைகளையே அது பெரும்பாலும் எடுத்தாண்டது. மோட்டார் பொருத்திய தொழிற்கூட வண்டிகளைப் பற்றிய பிரிவில், ஃபோர்க்லிஃப்ட் ஏறும் லாரியின் பிரேக்கைப் போட்டு, அதன் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும் என்ற விதி அவ்வாறே இடம்பெற்றது. இழுவை வண்டி கழற்றிய டிரெய்லருக்குத் தாங்கு ஜாக்கிகள் தேவைப்படலாம் என்றும், ஏறுமுன் டிரெய்லரின் தரை உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் அது சொன்னது. அதே தொகுப்பின் வேறொரு பிரிவு, பாலத்தகடு இருக்கும்போது ரயில் பெட்டி நகராதபடி உறுதியான தடுப்பு இருக்க வேண்டும் என்று விதித்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு வேறுபாடு உடனே புலப்படும். ரயில் பெட்டிக்கு வேண்டிய விளைவு விதிக்கப்பட்டது; லாரிக்கோ ஒரு மரக்கட்டை விதிக்கப்பட்டது. எத்தனை கட்டை, எந்த அளவு, வைத்தவர் யார், வைத்ததை உள்ளிருப்பவர் எப்படி அறிவார் என்பவற்றைப் பற்றி அவ்விதி எதுவும் சொல்லவில்லை.

முட்டுக்கட்டை இழிவான கருவியன்று. சரியான அளவில், காய்ந்த தரையில், சக்கரத்தோடு இறுக்கிச் செருகினால் அது தன் வேலையைச் செய்யும். அதன் குறை அதைச் சுற்றியுள்ள மனித ஏற்பாட்டில் இருந்தது. மேடையில் நிற்பவர் நான்கடி கீழே இறங்கி, வரிசையாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு இடையே புகுந்து, மழையிலும் இருட்டிலும் சக்கரத்தைத் தேடிக் கட்டை வைத்து வர வேண்டும். அதாவது ஓர் ஆபத்தைத் தவிர்க்க இன்னோர் ஆபத்துக்குள் இறங்க வேண்டும். அவ்வேலையை ஓட்டுநரிடம் விட்டால், அவர் வைத்தாரா இல்லையா என்பது உள்ளேயிருந்து தெரியாது. கட்டை வைத்திருந்தும் ஓட்டுநர் மறந்து எஞ்சினைக் கிளப்பினால், வண்டி அதன் மீது ஏறிப் போய்விடவும் முடியும். ஒரு நாளில் பலமுறை, நேர நெருக்கடியில், அந்நியர்களோடு செய்ய வேண்டிய ஒரு செயல் மனித நினைவை மட்டும் நம்பியிருந்தால் என்றோ ஒருநாள் தவறும். தவறுகிறவரைக் குற்றவாளியாக்குவது அந்த ஏற்பாட்டின் குறையை மறைப்பதாகும். சாலைப் போக்குவரத்து விதிகள் ஒரு துறையிடமும் பணியிட விதிகள் வேறொரு துறையிடமும் இருந்ததால், மேடையருகே நிற்கும் லாரியின் மீது யாருடைய அதிகாரம் செல்லும் என்ற குழப்பமும் நீடித்தது.

இதற்குத் தீர்வு தந்த பொருள், மேடைக்குத் தொடர்பே இல்லாத ஒரு காரணத்துக்காக டிரெய்லர்களில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. உயர்ந்த டிரெய்லரின் பின்னால் வேகமாக வந்து மோதும் கார் அதன் அடியில் புகுந்து, பயணிகளின் தலைமட்டத்தில் டிரெய்லரின் விளிம்பு இடிப்பதைத் தடுக்க, அப்போது லாரிகளையும் கண்காணித்துவந்த மாநிலங்களிடை வணிக ஆணையம், 1953இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதியின் மூலம், பின்புறத்தில் குறுக்குச் சட்டம் ஒன்றைக் கட்டாயமாக்கியது; அது தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் காரில் செல்பவர்களின் உயிரைக் காக்க விதிக்கப்பட்ட அந்த இரும்புச் சட்டம், மேடைக்கு வரும் பெரும்பாலான டிரெய்லர்களில் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒரே வடிவில் இருந்தது. அது ஒரு கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருப்பதையும், கட்டடத்திலிருந்து ஒரு கொக்கியை நீட்டி அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதையும் உணர ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் ஆயிற்று.

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம் மேடைக் கருவித் தொழிலின் தாயகமாகவே விளங்கியது. மேடைத் தளத்திலேயே பதிக்கப்பட்டு, டிரெய்லரின் உயரத்துக்கேற்ப ஏறி இறங்கி, முன்நுனியை நீட்டிப் பாலமாகும் டாக் லெவலர் என்ற கருவியை 1950களில் பரப்பியது அந்நகரின் கெல்லி நிறுவனம். கைகளால் தூக்கிப்போடும் இரும்புத் தகடு சறுக்குவதால் நேர்ந்த காயங்களை அது குறைத்தது. அதே நகரில் 1965இல் தொடங்கிய ரைட்-ஹைட் நிறுவனம் 1980ஐ ஒட்டி மேடைப் பூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேடையின் கீழ்ச்சுவரில் பொருத்தப்பட்ட இக்கருவியின் கொக்கி மேலெழுந்து டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். விடுவிக்கும்வரை வண்டி கட்டடத்தோடு பிணைந்திருக்கும். 1980ஆம் ஆண்டிலேயே லாரிப் போக்குவரத்தின் மீதான அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டமும் நிறைவேறியதால், புதிய நிறுவனங்களின் வண்டிகளும் முன்பின் தெரியாத ஓட்டுநர்களும் மேடைகளுக்குப் பெருகி வரத் தொடங்கினர். முகப்பழக்கத்தை நம்பி நடந்த ஏற்பாடு மேலும் நலிந்த அதே காலத்தில் பூட்டு வந்து சேர்ந்தது.

பூட்டோடு வந்த விளக்குகளைத் தனியே கவனிக்க வேண்டும். மேடையின் உட்புறத்தில் ஒரு சோடி, வெளிச்சுவரில் ஒரு சோடி எனச் சிவப்பு, பச்சை விளக்குகள் அமைந்தன. கொக்கி சட்டத்தைப் பிடித்ததும் உள்ளே பச்சை எரியும், வெளியே சிவப்பு எரியும். விடுவித்ததும் நிறங்கள் இடம்மாறும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் உள்ளே பச்சையைக் கண்டால்தான் டிரெய்லருக்குள் நுழைவார். லாரி ஓட்டுநர் வெளியே பச்சையைக் கண்டால்தான் கிளம்புவார். பச்சை எரிந்தால் மட்டுமே நகர வேண்டும் என்ற அறிவிப்பு, ஓட்டுநர் தம் பக்கக் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி, சுவரில் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதப்பட்டது. பின்னர், பூட்டு பிடிக்காதவரை டாக் லெவலரே இயங்காதபடி இரண்டையும் மின்கட்டுப்பாட்டால் இணைத்தனர். ரயில்வே தொழிலாளி தன் கையால் வைத்துத் தன் கையால் எடுத்த நீலக்கொடியின் பண்பு இங்கே மீண்டும் தோன்றியது. பூட்டைத் திறக்கும் பொத்தான் உள்ளே, ஆபத்தில் இருப்பவரின் பக்கம் இருந்தது.

இக்கருவிக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதை, சற்றும் எதிர்பாராத ஓர் ஆவணம் காட்டுகிறது. தன் காப்புரிமையை மீறியதாகக் கெல்லி நிறுவனத்தின் மீது ரைட்-ஹைட் 1983இல் தொடுத்த வழக்கு, 1995இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு வரை சென்றது. மீறல் என்று கண்ட கெல்லிப் பூட்டுகள் 3,825 விற்பனையாகியிருந்தன என்று தீர்ப்பில் காணப்படுகிறது. ஒரு போட்டி நிறுவனத்தின் ஒரே வகைக் கருவிக்கு, அறிமுகமாகிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே இருந்த சந்தை இது. வழக்குக்குரிய காப்புரிமையில் அடங்காத, ஆனால் அதே சந்தையில் போட்டியிட்ட வேறொரு பூட்டின் இழந்த இலாபத்துக்கும் இழப்பீடு கோரலாம் என்று அந்த அமர்வு ஏற்றுக்கொண்டதால், காப்புரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர். அவர்கள் அறிவது சேத மதிப்பீட்டுக் கோட்பாட்டை. மேடைத் தொழிலாளரின் வரலாற்றை எழுதுபவருக்கோ இத்தீர்ப்பு, தேவை இருந்தும் சட்டம் கேட்காத ஒரு பாதுகாப்பைக் கிடங்கு உரிமையாளர்கள் தாமாகவே விலை கொடுத்து வாங்கத் தொடங்கியதற்கான சான்று.

ஐரோப்பா வேறு கோணத்திலிருந்து அணுகியது. 1989இல் வெளிவந்த பணியிடங்கள் குறித்த ஐரோப்பிய ஆணை, சரக்கு மேடைகளுக்குக் குறைந்தது ஒரு வெளியேறும் வழியாவது இருக்க வேண்டும், நீளமான மேடைகளுக்கு இரு முனைகளிலும் வழி வேண்டும் என்றது; பின்வாங்கும் வண்டிக்கு முன் சிக்கியவர் தப்பி ஓட ஓர் இடம் வேண்டும் என்ற எளிய நியாயமே அதன் அடிப்படை. பிரிட்டனில் ஏற்றிறக்கு முடியும்வரை வண்டிச் சாவியை மேடைப் பொறுப்பாளரே வாங்கி வைத்துக்கொள்ளும் முறை ஊன்றியது. செலவில்லாத நல்ல முறை அது. எனினும் ஓட்டுநரிடம் மாற்றுச் சாவி இருந்துவிட்டால் பயனற்றுப்போகும். அதனால் டிரெய்லரின் பிரேக்குக்குக் காற்றுக் குழாய் இணையும் வாயையே பூட்டி, அப்பூட்டின் சாவியைக் கொண்டுதான் மேடைக் கதவைத் திறக்க முடியும் என்றும் ஓர் ஏற்பாடு செய்தனர். குழாயை மாட்டாமல் பிரேக் விடுபடாது. கதவை மூடிச் சாவியைத் திரும்பப் பெறாமல் குழாயை மாட்ட முடியாது.

அமெரிக்க விதிநூலில் ரயிலும் லாரியும் ஒரே வாசகத்தில் சேர 2016 வரை ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் வெளியான திருத்திய விதி, பாலத்தகட்டைத் தொழிலாளர் பயன்படுத்தும்போது லாரி, டிரெய்லர், ரயில் பெட்டி ஆகிய எதுவாயினும் நகராதபடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொதுப்படக் கூறி, முட்டுக்கட்டையை அதற்கோர் எடுத்துக்காட்டாக மட்டும் குறிப்பிட்டது. இதற்கிடையே 1998 முதல் கட்டப்பட்ட டிரெய்லர்களின் குறுக்குச் சட்டம் இன்னும் வலுவாகவும், தரையிலிருந்து 22 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விதித்திருந்தது. கார்ப் பயணிகளுக்காகச் செய்த அந்தத் திருத்தமும் மேடைத் தொழிலாளருக்கே மீண்டும் உதவியது.

தமிழ்நாட்டில் சட்டத்தின் பார்வை நெடுங்காலம் கடற்கரையில் இருந்தது. 1934ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சட்டமும், 1986ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு, நலச் சட்டமும் கப்பலோடு தொடர்புள்ள வேலையை மையமாகக் கொண்டிருந்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1929, 1932, 1979ஆம் ஆண்டு உடன்படிக்கைகளும் அவ்வாறே கப்பல் சரக்கைச் சுற்றியே எழுதப்பட்டன. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்ட பின்னர், மூட்டையும் பெட்டியும் துறைமுகத்திலேயே பிரிக்கப்படாமல் நகருக்கு வெளியே உள்ள கிடங்குகளில் பிரிக்கப்படுவது பெருகியது. ஆபத்தும் அங்கே இடம்பெயர்ந்தது. சுமைதூக்குவோரின் வேலை நிபந்தனைகளுக்காக 1982இல் மாநிலச் சட்டம் ஒன்று வந்ததும் குறிப்பிடத்தக்கது.

இங்குள்ள பழைய குடோன்களில் திறந்த உடல் கொண்ட லாரியின் பின்கதவை இறக்கி, மேடைக்குப் பலகை போட்டு, லோடுமேன்கள் மூட்டையைத் தலையிலும் முதுகிலும் சுமந்து ஏற்றினர். ஃபோர்க்லிஃப்ட் இல்லாததால் வண்டியைத் தள்ளும் விசை குறைவு. ஆனால் வண்டி அசைந்தால் பலகையோடு விழுபவர் தோளில் 50 கிலோ மூட்டையும் இருக்கும். அங்கே காவல் நின்றவர் கிளீனர். சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பவரும் அவரே, பின்னால் நின்று வழிகாட்டுபவரும் அவரே, எல்லாரும் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியின் பக்கத்தைக் கையால் தட்டி ஓட்டுநருக்குச் சைகை கொடுப்பவரும் அவரே. எழுதப்படாத அந்தத் தட்டல், நீலக்கொடியைப் போலவே, நகரும் உரிமையை ஆபத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பவரிடம் வைத்திருந்தது. குறைந்த கூலிக்கு இளைஞர்கள் ஏற்றுக்கொண்ட அந்த வேலையின் மதிப்பைத் தொழிற்பாதுகாப்பு நூல்கள் போதிய அளவு பேசியதில்லை. கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் மட்டும் வரும் லாரிகள் பெருகும் இக்காலத்தில் அவ்விடம் வெறுமையாகி வருகிறது.

2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின், மாநிலத்துக்கு மாநிலம் சிறு குடோன்கள் வைத்திருந்த நிறுவனங்கள் அவற்றை ஒன்றுசேர்த்துப் பெரிய கிடங்குகளாக்கின. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் டாக் லெவலரும் ஃபோர்க்லிஃப்ட்டும் கொண்ட மேடைகள் வரிசையாக எழுந்தன. ஆனால் அம்மேடைகளுக்கு வரும் வண்டிகள் ஒரே வகையல்ல: கண்டெய்னர் டிரெய்லர், மூடிய பெட்டி லாரி, திறந்த உடல் லாரி, சிறு சரக்கு வண்டி என உயரமும் பின்புற அமைப்பும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பின்புறக் குறுக்குச் சட்டத்துக்கு இந்தியத் தரநிலை இருந்தும், வளைந்தோ துருப்பிடித்தோ உள்ள சட்டத்தைக் கொக்கி நம்பிப் பிடிக்க முடியாது. ஆகவே அமெரிக்கப் பாணிப் பூட்டை அப்படியே இங்கே நடுவதைவிட, தரையில் பதித்த தண்டவாளத்தில் நகர்ந்து வந்து பின்சக்கரத்தையே தடுத்து நிற்கும் பூட்டு வகை இங்குள்ள மேடைகளுக்குப் பொருத்தமானது. அதற்கு வண்டியின் பின்புறம் எப்படி இருக்கிறது என்பது முக்கியமில்லை. அதை விடுவிக்கும் பொத்தானும் மேடையின் உள்ளே, ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்திலேயே அமைகிறது.